நாலாவது வரிசையில் ஒரு சோபா

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சோபாவோடு சண்டை போட்டேன். மனிதர்களோடு நான் போடும் சண்டைகள் உங்களுக்குத்தான் தெரியுமே... சோபாவோடு இதுதான் முதல் தடவை.

இடம் – கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய நாடக அரங்கம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கட்டடம். இரண்டு வருஷமாகத் தகரத் தடுப்பு வைத்து மூடிப் புதுப்பித்தார்கள். சனிக்கிழமை திறப்பு விழா, தொடர்ந்து நாடகம்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் நான் சக்கர நாற்காலியில் போகிறவள். பழைய வாசகர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம். என்னால் தாண்ட முடியாதது படிக்கட்டு மட்டும்தான்.

அந்தப் படிக்கட்டு பழைய அரங்கத்தின் வாசலிலேயே இருந்தது. ஐந்து படி. நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி உள்ளே இறக்குவார்கள். உள்ளே படி படியாகத் தரை இறங்கும். அதனால் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம்தான் எனக்கு இடம். என் கணவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டால், 'வழியை மறைக்காதீங்க' என்று விரட்டுவார்கள். எனவே அவர் எனக்கு நேர் முன்னால், கடைசி வரிசையில் உட்காருவார்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அங்கே நான் பார்த்த எல்லா நாடகங்களிலும் ஒரே ஒரு பாத்திரம் நிரந்தரம் – என் கணவரின் பின்மண்டை. அதில் முடி குறைந்துகொண்டே வந்த கதையை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. சிரிப்புக் காட்சி வந்தால் அவர் தோள் குலுங்கும். நான் பின்னால் தனியாகச் சிரிப்பேன். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நாடகத்துக்குப் போவது எதற்கு? 'அந்த ஆளைப் பாரேன்' என்று காதில் சொல்லத்தானே? எங்களுக்கு அது ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

அதனால்தான் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கூப்பிட்டார்களா? இல்லை. கதவு திறந்திருந்தது, போனேன்.

சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் வேண்டும் என்றேன். மடிப்புக் கலையாத வேட்டியில் இருந்த ஒருவர், "பாரம்பரியக் கட்டடம்மா... முகப்போட அழகு போயிடும்" என்றார்.

"ஏசி மாட்ட சுவத்துல ஓட்டை போட்டீங்களே, அப்ப போகலையா?" என்றேன். பக்கவாட்டுக் கதவில் சாய்தளம் வந்தது, உள்ளே படிகளுக்குப் பதில் சரிவான தரையும் வந்தது.

அடுத்து, உட்காரும் இடம். வரைபடத்தோடு வந்திருந்த இன்ஜினீயர் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அகலமான நாற்காலிகள், முன் சீட்டில் முட்டி இடிக்காத இடைவெளி, வயதானவர்கள் ஊன்றி எழ உறுதியான கைப்பிடி... எல்லாம் போட்டார். நாலாவது வரிசையில், நடுப்பாதையை ஒட்டி, இரண்டு சக்கர நாற்காலிகள் நிற்கும் அளவுக்குக் காலி இடம். அதை ஒட்டியே, கூட வருபவருக்கு ஒரு நாற்காலி. வரைபடத்தில் அந்தக் காலி இடத்தைக் காட்டியபோது மொபைலில் படம் எடுத்துக்கொண்டேன். மனை வாங்கியவர்கள் எடுப்பார்களே, அப்படி.

சனிக்கிழமை சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம். எனக்குப் பட்டுப் புடவை, அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை. சாய்தளத்தில் அழகுக்குப் பூத்தொட்டி அடுக்கியிருந்தார்கள். அவர் நாலைந்தை நகர்த்தி வழி பண்ணினார். யாரும் தூக்காமல், என் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அந்த அரங்கத்துக்குள் முதல் முறையாகப் போனேன்.

நாலாவது வரிசைக்கு வந்தால்... என் இடத்தில் ஒரு சோபா. மெரூன் கலர். சாய்மானத்தில் வெள்ளை டர்க்கி டவல். முன்னால் சின்ன டீப்பாய், அதன் மேல் தண்ணீர் பாட்டில்.

எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊர் விழா சீஃப் கெஸ்ட் இல்லாமல்கூட நடக்கும், சோபா இல்லாமல் நடக்காது. புது நாற்காலிகள் எல்லாம் தரையோடு போல்ட் போட்டவை. சோபா போட இடம் தேடியிருக்கிறார்கள். மொத்த அரங்கத்திலும் காலியாக இருந்தது என் இடம்தான்!

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. காலி இடத்தைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். நடைபாதை காலியா? பைக்கை நிறுத்து. சாய்தளம் காலியா? பூத்தொட்டியை வை. அது யாரோ ஒருவர் வருவதற்காக விட்டு வைத்த இடம் என்று மட்டும் தோன்றவே தோன்றாது.

விழாப் பொறுப்பாளர் ஓடி வந்தார். சட்டையில் பேட்ஜ், கையில் வாக்கி டாக்கி.

"மேடம், சீஃப் கெஸ்ட் வர்ற நேரம்... பின்னாடி கதவுகிட்ட நல்லா விசாலமா இடம் இருக்கு."

"அந்த இடத்த எனக்கு இருபத்தாறு வருஷமா தெரியும் சார்."

"இல்லன்னா ஒண்ணு பண்ணலாம். நாலு பேர கூப்புடுறேன். அலுங்காம தூக்கி முதல் வரிசை சீட்ல உக்கார வெச்சிடுறோம்."

"நாலு பேர் தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு இன்னும் நேரம் வரல சார். இது என் இடம். சோபாவ எடுங்க."

பிரேக்கைப் போட்டேன். நடுப்பாதையில், நட்டநடுவில்.

பின்னால் கூட்டம் சேர்ந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள் – பரிதாபத்துக்கா, தாமதத்துக்கா தெரியவில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோபத்தை மட்டும் வெளியே விட்டேன். நம் ஊரில் தூக்கிவிட ஆள் தேடவே வேண்டாம், கேட்காமலே வருவார்கள். வழிவிடச் சொன்னால்தான் ஒருவரையும் காணோம். ஏன்? தூக்கிவிட்டால் நான் நன்றி சொல்லியாக வேண்டும். வழி இருந்துவிட்டால் நான் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

பொறுப்பாளர் என் கணவர் பக்கம் திரும்பினார். இவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேனே... ஹோட்டலில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும், 'விடு, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று சாப்பிட்டு முடிக்கிறவர். அன்றும் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சார், நீங்களாவது சொல்லுங்க. நீங்க இங்கியே ஜம்முனு உக்காருங்க. மேடத்த மட்டும் பின்னாடி வெச்சிடலாம்."

"வெச்சிடலாமா?" என்றார் என் கணவர். "அவ இன்னா பூத்தொட்டியா?"

டீப்பாயை எடுத்து ஓரமாக வைத்தார். டவலை மடித்துப் பொறுப்பாளரின் தோளில் போட்டார். சோபாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேர கூப்புடுறேன்னீங்களே, கூப்புடுங்க சார். இத தூக்கட்டும்."

வந்தார்கள், தூக்கினார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது என்று எழுத ஆசைதான். யாரும் தட்டவில்லை. 'இப்பவாவது ஆரம்பிங்கப்பா' என்று ஒரு குரல் மட்டும் கேட்டது.

பத்து நிமிஷத்தில் சீஃப் கெஸ்ட் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் – நம் ஊர் பாஷையில், சொல்தா. எண்பதைத் தாண்டிய மனிதர், கையில் தடி.

"சோபா போட்டிருந்தோம் முசியே... இந்த மேடம்தான்..." என்று பொறுப்பாளர் என்னைக் காட்டிக்கொடுத்தார்.

சொல்தா கைப்பிடியை ஊன்றிப் புது நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தார். "மெர்சி மதாம்" என்று என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் நன்றி சொன்னார். "சோபாவுல உக்காந்தா உள்ள அமுங்கிடுறேன். எழுந்திருக்க ரெண்டு பேர் இழுக்கணும். எங்கிட்ட எவன் கேக்குறான்?"

நாடகம் ஆரம்பித்தது. என் கணவர் எனக்கு வலது பக்கம். என் சக்கரமும் அவருடைய நாற்காலியும் உரசிக்கொண்டிருந்தன. முதல் காட்சியிலேயே என் காதருகே குனிந்து, "ராஜாவுக்கு மீசை கழண்டு வருது பாரு" என்றார். பார்த்தேன்... நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்து ராணியின் விக்கைப் பற்றி ஒரு கமெண்ட். அடுத்து மந்திரியின் செருப்பு. இந்த மனுஷன் நாடகத்தில் இவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியவே தெரியாது! நானும் சும்மா இருக்கவில்லை.

மூன்றாவது வரிசைக்காரர் திரும்பினார். "ஹலோ, ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம பாருங்க."

அவர் குரலில் பரிதாபம் ஒரு துளியும் இல்லை. டிக்கெட் வாங்கி வந்தவர், டிக்கெட் வாங்கி வந்த இன்னொருத்தியிடம் காட்டும் சுத்தமான கடுப்பு. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

"பேசாமதான் சார் இருபத்தாறு வருஷம் பார்த்தோம்" என்றேன்.