கொடியேறிய பிறகு காட்டிய கடைகள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அலுமாரியைத் துப்புரவாக்கத் தொடங்கினாள். இப்படியான நாட்களில் நான் வளவுக்குள் இறங்கி, தேசிமரத்தின் கீழே ஏதோ தலைபோகிற வேலை இருப்பதுபோலக் குனிந்து நிற்பது வழக்கம். அன்றைக்கு வெளியே கால் வைக்க முடியாத வெயில். அகப்பட்டுக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். ஒரு பெண்கள் கைப்பை. எனக்கு ஓர் அளவு சிறிய சப்பாத்துச் சோடி. ஒருநாளும் ஓடாத மணிக்கூடு. கோப்பி குடிக்கிற பெரிய கோப்பை. அடியில் கொஞ்சம் மிஞ்சிய வாசனைப் போத்தல். எல்லாவற்றுக்கும் கீழே ஏழெட்டு வயதுச் சிறுமி போடுகிற வெள்ளைச் சட்டை ஒன்று, விலைச்சிட்டை கழற்றாமல்.

"இஞ்சாருங்கோ, எங்களுக்கு ரெண்டும் பெடியள். உது ஆருக்கு வாங்கினது?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் வாசனைப் போத்தலின் மூடியைத் திறந்துவிட்டாள். அந்த மணம் எனக்கு நன்றாகத் தெரியும். குளிரூட்டியின் குளிரும், புதுப் பெயின்டும், யாரோ பொரித்த சோளமும் அதற்குள் கலந்திருந்தன. கண்ணாடிக் கட்டடத்தின் மணம் அது.

நீங்களும் அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறையாவது போயிருப்பீர்கள். அதற்கு இங்கிலீசில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஊரில் எல்லாருக்கும் அது கண்ணாடிக் கட்டடம்தான். பட்டினத்தின் நடுவே நாலு மாடி, உள்ளே எஸ்கலேட்டர். தெல்லிப்பழையிலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கோயிலுக்குள் போகிற மாதிரிச் சில தாய்மார் எஸ்கலேட்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பார்கள். நாங்கள், கழுத்துப்பட்டி கட்டியவர்கள், மேலே நின்று சிரிப்போம். மேலே ஏறி, குளிரில் நின்று, படம் எடுத்து, கீழே இறங்கி, வீதிக்கு அந்தப் பக்கத்து நடைபாதைக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். யார் யாரைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும் என்று இப்போது யோசிக்கிறேன்.

நான் அங்கே கடைகளை வாடகைக்குக் கொடுக்கிற பகுதியில் வேலை பார்த்தேன். கொக்குவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய், வாசலில் இறங்கி, கழுத்துப்பட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொழுவிக்கொண்டு உள்ளே நுழைவேன். முதல் நாளே எங்கள் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு இருத்தி ஒரேயொரு பாடம்தான் நடத்தினார்.

"நல்லூர்க் கொடியேறினாப் பிறகு மட்டும் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து கடையைக் காட்டும். மற்ற நேரம் ஆரும் கேட்டால் சாவி கொழும்பிலை எண்டு சொல்லும்."

அவ்வளவுதான் தொழில் இரகசியம். நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கனடா, லண்டன், சுவிஸ் என்று போன சனம் முழுக்கத் திரும்பி வந்து நிற்கும். வீதியில் வெயில் தாங்காமல் எல்லாரும் எங்கள் கட்டடத்துக்குள்தான் ஒதுங்குவார்கள். எஸ்கலேட்டரில் இடம் இராது. கடை பார்க்க வருகிறவர் அந்தக் கூட்டத்தில் இடிபட்டு மேலே வந்து சேரும்போதே பாதி மனம் கரைந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஆட்கள், நல்லூர்ச் சனம் எத்தனை நாளுக்கு என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்தவர்கள். ஆனாலும் கண்முன்னால் கூட்டத்தைப் பார்த்தவுடன் கணக்கை மறந்து கையெழுத்து வைத்தார்கள்.

என்னுடைய கைராசியும் அப்படி ஒரு திருவிழாவில்தான் பிறந்தது. மருதனார்மடத்துக்காரர் ஒருவர் இரண்டாம் மாடியில் தொலைபேசிக் கடை திறந்தார். நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, சுபநேரம் முடியப் போகிறது, முதல் வியாபாரம் செய்ய வரவேண்டிய மாமனார் வழியில் நிற்கிறார். நான் அந்தப் பக்கத்தால் போனேன். "தம்பி, ஏதாவது ஒண்டை வாங்கும்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். போனில் பாட்டுக் கேட்கிற காதுப்பொறி ஒன்று வாங்கினேன். அந்த மாதம் அவருக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. போகாமல் என்ன செய்யும், நல்லூர் மாதமல்லவா? அவரோ என் கையைத் தூக்கிப் பிடித்துக் கட்டடம் முழுக்கக் காட்டினார். அதற்குப் பிறகு எந்தக் கடை திறந்தாலும் முதல் சாமான் வாங்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் தலைக்கனம் வந்துவிட்டது. திறப்புவிழா நாட்களில் போட என்று ஒரு வெளிர்மஞ்சள் சேட்டைத் தனியாக வைத்திருந்தேன். கட்டிலில் கிடந்தவையெல்லாம் அப்படி வாங்கியவைதான். கைப்பை வாங்கிய கடை ஐந்து மாதம் நின்றது. சப்பாத்துக் கடை எட்டு. மணிக்கூட்டுக் கடைக்காரர் தைப்பொங்கலைக் காணவில்லை.

கடைகள் வந்தன, போயின. ஒரு கடை மூடினால் கண்ணாடியின் உள்பக்கத்தில் பெரிய படம் ஒன்றை ஒட்டுவோம். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள், கீழே "விரைவில்" என்று எழுதியிருக்கும். எங்களிடம் அப்படி மூன்று படம்தான் இருந்தது, அவற்றையே கழற்றிக் கழற்றி ஒட்டினோம். மூடுகிறவர்கள் சாமானைக் காலையில் கட்டடம் திறக்க முதல், பின்படியால்தான் இறக்க வேண்டும் என்பது சட்டம். இருக்கிற கடைக்காரர்களின் கண்ணில் படக்கூடாதாம். ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒரு கடை சாகப்போகிறது என்று தெரிந்தால் பக்கத்துக் கடைக்காரர், உரிமையாளர் உள்ளே இருக்கும்போதே நாடாவைப் பிடித்துச் சுவரை அளப்பார். மின்குமிழை விட்டுவிட்டுப் போகும்படி கேட்பார். நானும் கதவடியில் நின்று நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளைச் சட்டைக்கு வருகிறேன். அதைத் தைத்த ஸ்டெலா அக்கா குருநகர்க்காரி. முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பெண்பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பதில் அந்தப் பக்கம் முழுக்க அவருக்குப் பெயர். கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன முத்து வைத்து, தலைக்கு நெற் துணியில் முக்காடும் தைத்துக் கொடுப்பார். வீட்டு விறாந்தையில் இருந்து தைத்தவரை யாரோ உற்சாகப்படுத்தி என்னிடம் அனுப்பிவிட்டார்கள். கொடியேறிய மூன்றாம் நாள் அவரை மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனேன். கணவர் அந்தோனி அண்ணையும் வந்தார். கடற்தொழிலாளி. கூட்டத்துக்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நின்றார்.

"இதுக்குள்ளை காத்து எந்தப் பக்கத்தாலை வருதெண்டே தெரியேல்லை" என்றார். அன்றைக்கு அவர் கதைத்தது அது ஒன்றுதான்.

ஸ்டெலா அக்கா மற்றவர்கள் மாதிரி இல்லை. வெறும் கடையின் நடுவில் நின்று, வெளியே போகிற சனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உது நல்லூர்ச் சனமெல்லோ தம்பி. கொடி இறங்கினாப் பிறகும் இஞ்சை சனம் வருமோ?"

எத்தனையோ பேருக்குக் கடை காட்டியிருக்கிறேன். அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். நான் சாவிக்கொத்தைத் தேடுவதுபோலச் சட்டைப்பைக்குள் கைவிட்டேன்.

"இவர் கடலுக்குப் போற போட்டையும் இஞ்சினையும் வித்துத்தான் எனக்கு இதைப் போட்டுத் தாறார். சும்மா கேக்கேல்லைத் தம்பி. மெய்யைச் சொல்லுங்கோ."

"வரும் அக்கா" என்றேன். "நத்தார்ப் பண்டிகைக்கு இதைவிடக் கூட வரும். நான் சொல்லுறன்தானே."

ஐப்பசியில் அந்த மாடியில் காவலாளியும் நானும் மட்டும் நடப்போம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். வயிற்றுப்பிழைப்பு என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கிழமை முகாமையாளர் எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டியபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது.

பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக் கடையைத் திறந்துவைத்தார். முதல் வியாபாரத்துக்கு என்னைக் கூப்பிடும்படி பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். "எனக்கு உந்தக் கைராசியிலை நம்பிக்கை இல்லை" என்றார் ஸ்டெலா அக்கா. "எண்டாலும் நீங்கள் வாங்குங்கோ. நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்." அப்படி வாங்கியதுதான் இந்தச் சட்டை. இருக்கிறதில் நல்லதைப் பார்த்து அவரே எடுத்துத் தந்தார்.

கொடி இறங்கியது. சனமும் இறங்கியது. அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது, அதை நான்கூட எதிர்பார்க்கவில்லை. விறாந்தைக்கு வந்து அளவு கொடுத்த குருநகர்த் தாய்மார் கண்ணாடிக் கட்டடத்துக்கு வரவில்லை. வீட்டுச் சட்டையோடு, மீன் மணக்கிற கையோடு, அந்த வெளிச்சத்துக்குள் ஏறி வர அவர்களுக்குக் கூச்சம். ஸ்டெலா பெரிய ஆளாகிவிட்டா, இனி எங்களுக்குக் கட்டாது என்று வேறு தையற்காரியிடம் போய்விட்டார்கள். புதுச் சனம் வரவில்லை, இருந்த சனமும் போய்விட்டது. நத்தாருக்கு அக்கா கண்ணாடிக்குள் ஒரு பாலன் குடில் வைத்தார். பக்கத்துக் கடைப் பிள்ளைகள் வந்து அவருடைய நிலைக்கண்ணாடியில் சீப்பால் தலை இழுத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குள் என் கைராசியும் தலைகீழாகத் திரும்பிவிட்டிருந்தது. மூடுகிற கடைகளுக்கு ஒரு காரணம் வேண்டும், வாடகையையும் வராத சனத்தையும் சொல்ல முடியாது. முகாமையாளர் ஒருநாள் பகிடியாகச் சொன்னார், "உவன்ரை கை பட்ட கடை ஒண்டும் நிக்காது." அது பற்றிக்கொண்டது. கடைகளில் முதல் வியாபாரம் முடியும்வரைக்கும் என்னை முன்வாசலால் வரவேண்டாம் என்று காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். பின்படியால் ஏறினேன். அவமானம்தான். உண்மையைச் சொன்னால், கடைக்காரர்களின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாதபடியால் அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

தவக்காலத்தில் ஸ்டெலா அக்கா மூடினார். பின்படியால் சாமானை இறக்கச் சொல்லி நான்தான் கடிதம் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். அடுத்தநாள் பட்டப்பகலில், கட்டடத்தில் ஆட்கள் நிற்கிற நேரம் பார்த்து, தன் கடைப் பொம்மைகளை எஸ்கலேட்டரில் இறக்கினார். சிறுமி அளவுப் பொம்மைகள், எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சட்டை, தலையில் நெற். படிக்கு ஒன்றாக நிறுத்தி வைத்துவிட்டுத் தான் கடைசிப் படியில் நின்று வந்தார். கீழே அந்தோனி அண்ணை வாங்கி வாங்கி அடுக்குவதற்கு நின்றார். கோயிலில் நன்மை வாங்கப் போகிற பிள்ளைகளின் வரிசை அப்படியே இறங்கி வந்தது. சனம் சிரித்தது. போனை எடுத்துப் படம் பிடித்தது.

முகாமையாளர் மேல்மாடியிலிருந்து கத்தினார். "நிப்பாட்டும் அதை."

எஸ்கலேட்டரின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். நான் அதற்குப் பக்கத்தில் நின்றேன். அமுக்கிவிட்டேன். படி குலுங்கி நின்றது. பொம்மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுந்து உருண்டன. ஒன்றின் கை கழன்று என் சப்பாத்துக்குப் பக்கத்தில் வந்து கிடந்தது. இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

ஸ்டெலா அக்கா நின்றுபோன படிகளில் நடந்து இறங்கினார். அவசரப்படாமல் ஒவ்வொரு பொம்மையாக நிமிர்த்தி, சட்டையைத் தட்டி, கணவரிடம் கொடுத்தார். என்னிடம் வந்தபோது எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என்ரை கைதான் சரியில்லை அக்கா. எல்லாரும் சொல்லுகினம்தானே."

அவர் குனிந்து அந்தக் கழன்ற கையை எடுத்தார்.

"உங்கடை கையிலை ஒரு பிழையுமில்லைத் தம்பி. கையைச் சாட்டித் தப்பாதேங்கோ. நான் கேட்டது உங்கடை வாயிட்டையெல்லோ."

கத்தவில்லை, அழவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில மாதம் கழித்துப் பாசையூர்ப் பக்கம் போனபோது அந்தோனி அண்ணை வேறொருவருடைய போட்டைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். கூலிக்குப் போகிறார் என்று விளங்கியது. அவர் நிமிர முதல் மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

இப்போது அந்தக் கட்டடத்தில் கடை என்று ஒன்று இல்லை. மருதனார்மடத்துக்காரரும் போய்விட்டார். எஸ்கலேட்டரைக் கழற்றிப் பழைய இரும்பாகக் கொடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் பலகை அடித்திருக்கிறது. நான் முதல் சாமான் வாங்கிய பதினொரு கடைகளின் பெயரும் பழைய பைகளில் மட்டும்தான் மிச்சம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற வந்த சனமும் இப்போது அந்த வழியால் வருவதில்லை.

எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். முதல்முறையாகச் சொன்னேன். அவள் சட்டையை மடியில் வைத்து முத்துகளைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

"அந்த மனுசி இருக்கிற இடம் தெரியுமெல்லோ. கொண்டுபோய்க் குடுத்து ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோவன்."

"ஓம், போகத்தான் வேணும்" என்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அந்த நேரம் போவதாகத்தான் இருந்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. பழைய முகாமையாளர். கட்டடத்தைப் புது ஆட்கள் எடுத்திருக்கிறார்களாம், அவர்களோடு இவரும் சேர்ந்திருக்கிறார்.

"மேலை கலியாண மண்டபம், கீழை இருபது சின்னக் கடை. மண்டபத்துக்கு வாற சனம் கடைக்கும் வரும்தானே. வாற கிழமை நல்லூர்க் கொடி ஏறுது. நீர் பழைய ஆள், உமக்குத்தான் சனத்தோடை கதைக்கத் தெரியும். வாரும்."

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், வாறன்" என்றேன்.

அவள் எழும்பி, சட்டையை மடித்து, கைப்பையையும் சப்பாத்தையும் கோப்பையையும் ஒவ்வொன்றாகத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்கினாள். கடைசித் தட்டைக் கையால் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இனி வாங்கப்போற சாமானுக்கும் இதிலை இடம் விடட்டோ?"