கைப்பிடி இல்லாத மதில்

போர்ச்சுகலில் ஒபிடோஸ் என்ற பழைய ஊரைச் சுற்றி உயரமான மதில் இருக்கிறது. அதன்மேல் நடக்கலாம், ஊர்ப்பக்கம் கைப்பிடி கிடையாது. நியூஜெர்சியிலிருந்து போயிருந்த நானும் கணவரும் ஏறினோம். ஏறியதுமே அவர் சென்னையிலுள்ள தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். எந்த ஊருக்குப் போனாலும் இது நடந்தாக வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போ. அம்மாவுக்குக் கோட்டை ஃபுல்லா தெரியணும்."

போனேன். விளிம்பில் கால் வழுக்கியது. பின்னால் வந்த யாரோ ஒரு பெண் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

கணவர் என்னிடம் கேட்டது: "பாத்து நிக்க மாட்டியா? அம்மா பயந்துட்டாங்க."

இப்போதெல்லாம் அவர் போனைத் தூக்கினால் நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். "அவளுக்கு முட்டி வலிம்மா" என்று சமாளிக்கிறார்.

என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.