மோட்டார் கொட்டகையில் சார்ஜ் போட்ட வண்டி

சங்கராபுரத்தில் கரண்டு வண்டிக் கடை வைக்க வேண்டும் என்பது என் மகளின் எண்ணம். ரோட்டோரத்தில் ஒரு அறை பிடித்து, ஊருக்குக் காட்ட ஒரே ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஐந்து பேர் வாங்குவதாகப் பேர் கொடுத்தால்தான் கடையை அவளுக்குத் தருவேன் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் முப்பது வருஷம் சந்தையில் காய் விற்றவள். எது விலைபோகும் என்று எனக்குத் தெரியும். அந்த வண்டி விலைபோகும் என்றுதான் பட்டது. லைசென்ஸ் வேண்டாம், உதைக்க வேண்டாம், புடவையோடு ஏறலாம். பால் ஊற்றப் போகிறவளுக்கும் பள்ளிக்கூடத்து டீச்சருக்கும் அது போதும். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி வந்த ஒருவர் மட்டும் "மேல ஏறுமா?" என்று கேட்டார். "ஏறாதுங்க, மெய்யாச் சொல்றேன்" என்றாள் மகள். அவளுக்குப் பொய் சொல்லி விற்கத் தெரியாது.

ஊரில் எல்லோரும் என் கொழுந்தனார் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாங்கினால் பின்னால் நாலு பேர் வாங்குவார்கள். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நேரம் அது. முன்னொரு காலத்தில் இதே கோரிக்கைக்கு மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள். இந்த முறை ஆட்களே உட்கார்ந்தார்கள். மறுநாள் பஸ் ஓடாது என்று தெரிந்ததும் கொழுந்தனார் வந்தார்.

"அண்ணி, என் மூட்டு மாத்திர தீந்துபோச்சி. கள்ளக்குறிச்சிலதான் கெடைக்கும். உன் பொண்ணு உன்னியப் பின்னால குந்த வச்சிக்கினு போயி வாங்கியாரட்டும். வண்டி ஒழுங்காத் திரும்பி வந்தா நான் ஒண்ணு எடுத்துக்கறேன்."

"வராம எங்க பூடும்?" என்றேன்.

"தள்ளிக்கினு வந்தா கணக்குல சேராது, சொல்லிட்டேன்."

கடை அறைக்கு வெள்ளையடிக்கப் போன மகள் அன்று அங்கேயே தங்கிவிட்டாள். வண்டியை வீட்டில் சார்ஜ் போடச் சொல்லியிருந்தாள். நான் அதை நிலத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மோட்டார் கொட்டகையில் விவசாயக் கரண்டு இலவசம். வீட்டு மீட்டர் எதற்கு ஓட வேண்டும் என்று நினைத்தேன்.

விடிந்ததும் போனேன். கரண்டு வந்தால் எங்கள் மோட்டார் தானாக ஓடும். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. கொட்டகை பல்பும் எரியவில்லை. ராத்திரி கரண்டே வரவில்லை. பிறகு ஒயரைச் சுருட்டிவிட்டு வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்தேன்.

"ராத்திரி பூரா சார்ஜ் ஏறுச்சாம்மா?" என்று கடையிலிருந்து வந்த மகள் கேட்டாள்.

"ஏறுச்சி."

இல்லை என்றால் எங்கே போட்டாய் என்பாள். மகளுக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வண்டியில் சார்ஜ் காட்டும் நாலு கோடும் எரிந்தன. நிற்கும்போது அது நிறையத்தான் காட்டும், ஆள் ஏறி ஓடினால்தான் இறங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கூட்ரோட்டில் போராட்டக்காரர்கள் மறித்தார்கள்.

"பெரியம்மா, எங்க போறீங்க?"

"மாத்திர வாங்க."

ஒருவன் குனிந்து பார்த்தான். "இன்னாடா இது, சத்தமே காணோம்?"

"மிக்சிக்கு சக்கரம் வச்ச மாரி கீது. வுடுறா, இத்த மறிச்சா நம்ம மறியலுக்குத்தான் அசிங்கம்."

சிரித்து வழிவிட்டார்கள். மகளும் சிரித்தாள்.

மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாதி வழியில் வண்டி மெதுவாகி நின்றது. மகள் சீட்டைத் திறந்தாள், மூடினாள். "ராத்திரி பூரா ஏறியும் இவ்ளோதானா? கம்பெனிக்காரன் சொன்னது பொய்யாம்மா?" என்றாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டால் யாருடைய காலையோ தொடுவது போலிருக்கும். அப்படி இருந்தது.

மறியல் முடிந்து வந்த கரும்பு டிராக்டரில், கரும்பின் மேல் வண்டியை வைத்துக் கட்டினார்கள். ஊருக்குள் அப்படித்தான் வந்தோம். கொழுந்தனார் மாத்திரையை வாங்கிக்கொண்டு, "நல்ல வண்டிதான் அண்ணி. கரும்பு மேல ஏத்துனா எவ்ளோ தூரம்னாலும் போவுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருவரும் பேர் கொடுக்கவில்லை. மகள் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். யார் கேட்டாலும் "அந்த வண்டி நம்ம ஊருக்கு ஆவாது" என்று நானும் சொல்லிவந்தேன்.

இப்போது சங்கராபுரத்தில் அந்த வண்டிக்குக் கடைகள் இருக்கின்றன. கொழுந்தனாரே ஒன்று வைத்திருக்கிறார். போன பொங்கலுக்கு வந்த மகள் அதன் மேல் கைவைத்துப் பார்த்தாள்.

"கள்ளக்குறிச்சி போயி வருதா சித்தப்பா?"

"சோக்கா போயி வருது. வூட்லதான் சார்ஜ் போடறேன்."

அவள் தலையாட்டினாள். நான் உள்ளே போய் உலையில் அரிசி போட்டேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. இது அச்சானால் படிப்பாள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.