பிரேக்குக்குத் தடவிய மீன் எண்ணெய்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பதினொன்று வரை நான் ஒரு கொலைகாரன்.

போலீஸ் வரவில்லை, பேப்பரில் வரவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரமும் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கொன்றது யாரை? என் மனைவி, என் பத்து வயது மகள், என் மைத்துனன் – மூன்று பேரையும். ஆயுதம்? ஒரு கந்தல் துணி... கொஞ்சம் மீன் எண்ணெய்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் எண்ணெய் ஏற்றும் பிரிவு என் பொறுப்பு. பதப்படுத்திய தோலை அப்படியே காயவிட்டால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். மர டிரம்மில் போட்டு, வெந்நீரும் மீன் எண்ணெயும் ஊற்றிச் சுற்றவிட்டால்தான் மெத்தென்று வரும். பதினான்கு வருடமாக இதே வேலை. அதனால் காய்ந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். வீட்டிலும் ஒரு சின்ன பாட்டில் எண்ணெய் எப்போதும் உண்டு. கேட் கீல், தையல் மிஷின், டேபிள் ஃபேன் – நான் தடவாத இரும்பு எங்கள் வீட்டில் கிடையாது.

வாசனை? அதை என் மனைவி சரோஜாவிடம்தான் கேட்க வேண்டும். கல்யாணமான இரண்டாவது வாரமே என் சட்டைக்கென்று தனி வாளி வைத்துவிட்டாள். பன்னிரண்டு வருடமாக என் சட்டை மட்டும் கொல்லையில் ஒதுக்கமாக, தனியாக ஊறுகிறது. நானும் பழகிவிட்டேன்.

அவள் தம்பி மோகன் மெட்ராஸில் இருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை, கார்தான் குடும்பம். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக். அதாவது, சக்கரத்தோடு ஒரு இரும்புத் தட்டு சுற்றும். பெடலை மிதித்தால் இரண்டு பக்கமும் ‘பேட்’ என்கிற கட்டைகள் அதைக் கவ்விப் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவும் எனக்குச் சனிக்கிழமையே விளக்கப்பட்டது என்பதை மறக்காதீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கார் எங்கள் வாசலில் கர்ர்ரென்று அலறிக்கொண்டு வந்து நின்றது. பேட் தேய்ந்து தீர்ந்து, இரும்பை இரும்பு உரசிக்கொண்டிருந்தது. புது டிஸ்க்கும் பேடும் சிங்கப்பூரிலிருந்து தருவித்து டிக்கியிலேயே வைத்திருக்கிறான். மாட்டத்தான் துரைக்கு நேரமில்லை. மறுநாள் அக்காவையும் குழந்தையையும் ஏலகிரி மலைக்குக் கூட்டிப்போவதாக வேறு வாக்குக் கொடுத்திருந்தான். எங்கள் தொழிற்சாலை லாரிகளைப் பார்க்கும் மெக்கானிக் கரீம் பாயைக் கூப்பிட்டனுப்பினேன்.

பாய் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்னா தம்பி இது, கிராமபோன் பிளேட் மாதிரி கோடு கோடா இருக்குது? இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா பாட்டே பாடியிருக்கும்.”

பழையதை எடுத்துப் போட்டார். புது டிஸ்க் காகிதத்தில் சுற்றி, எண்ணெய் பூசி வந்திருந்தது. பாய் பெட்ரோலை ஊற்றி அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. கம்பெனிக்காரன் வேலை மெனக்கெட்டுப் பூசி அனுப்பியதை இவர் எதற்குத் துடைக்கிறார்? பாவம், லாரி மெக்கானிக்... தெரியவில்லை போலிருக்கிறது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போகும்போது பாய் சொன்னார். “புது பேடு தம்பி. படியறதுக்கு நாப்பது அம்பது மைல் ஆவும். அதுவரைக்கும் பிரேக் கொஞ்சம் கம்மியாதான் புடிக்கும். லேசா நாத்தமும் வரும். பயப்படாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு இல்லை, ஏற்றுமதி அவசரம். விடிகாலையில் சைக்கிளை எடுக்கும்போது பார்த்தேன். ராத்திரி தூறியிருந்தது. நேற்று கண்ணாடியாகப் பளபளத்த டிஸ்க் முழுக்கச் செம்பழுப்பாகத் துரு! உப்புத் தோல் மூட்டை மூட்டையாக இறங்குகிற ஊர்க் காற்றில் திறந்த இரும்பு வேறு எப்படி இருக்கும்? எல்லாம் பாய் எண்ணெயைத் துடைத்த வினை!

பாட்டிலை எடுத்தேன். சக்கரத்து ஓட்டைகளுக்குள் விரலை விட்டு, துணியால் இரண்டு டிஸ்க்கிலும், உள்ளே வெளியே, தாராளமாகத் தடவினேன். யாரையும் எழுப்பவில்லை. ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வேலைக்குப் போனேன்.

பத்து மணிக்கு லாரி பார்க்க கரீம் பாய் தொழிற்சாலைக்கு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமை விடுமா?

“பாய், நீங்க தொடைச்சிட்டுப் போனீங்க, காலைல ஒரே துரு. நான்தான் எண்ணெய் போட்டு சரி பண்ணேன்.”

பாய் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. “எதுல சார் எண்ணெய் போட்டீங்க?”

“டிஸ்க்குலதான்.”

“யா அல்லா! அந்தத் துரு ரெண்டு வாட்டி பிரேக் மிதிச்சா தானா போய்டும் சார்! பேடு புடிக்கிற எடத்துல எண்ணெய் தடவினா எப்டி புடிக்கும்? வண்டி எங்க?”

“ஏலகிரிக்கு... ஒன்பதரைக்கே கிளம்பியிருப்பாங்க.”

பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ஏறும்போது பரவாயில்ல சார். எறங்கும்போதுதான்...”

அந்த மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் கண் முன் வந்து நின்றது. போன் செய்யலாமா? யாருக்கு? மலைக்கா? என் டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பிரிவுக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். பாயின் புல்லட் மூன்று உதைக்குக் கிளம்பவில்லை. நான்காவது உதைக்குள் எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டேனோ, கணக்கில்லை.

ரோட்டில் எதைப் பார்த்தாலும் சிவப்பு. கொடியில் காயும் சேலை... களத்தில் மிளகாய்... யாரோ ஒருவர் தலைப்பாகை. வாணியம்பாடிக்கு முன்னால் ஒரு கூட்டம் – வட்டமாக, உள்ளே குனிந்து பார்த்தபடி. பாய் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். தர்பூசணி வண்டி அச்சு முறிந்து, பழமெல்லாம் ரோட்டில் உடைந்து கிடந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. “சார், கெட்டியா புடிச்சிக்கங்க” என்றார் பாய், திரும்பிப் பார்க்காமல்.

விரோதம் இருந்து செய்திருந்தால்கூட மனசு ஆறும் போலிருந்தது. நான் அக்கறையில் செய்தேன்! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறேன். எமன் ஆன கதை கேட்டதில்லை.

மலையடிவாரத்துக்கு மூன்று மைல் இருக்கும்போது புளிய மரத்தடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. சேலை இல்லை. மிளகாய் இல்லை. கார். முழுசாக, நேராக நின்றுகொண்டிருந்தது.

மைல்கல் மேல் உட்கார்ந்து சரோஜா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மகள் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மோகன் பானெட்டில் சாய்ந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். நான் புல்லட்டிலிருந்து இறங்கினேன். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மோகன்தான் ஆரம்பித்தான். “பாருங்க மாமா, பேஜாரு! பிரேக் கொஞ்சம் வழுக்குது, பொகை வருதுன்னா... புது பேடு அப்டித்தான்னு பாயே சொன்னாரில்ல? அக்கா கேக்கவே இல்ல. நிறுத்துனாத்தான் ஆச்சுன்னு ஒரே புடிவாதம். கியரைக் கொறைச்சி, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தறதுக்குள்ள...”

“எப்படித் தெரிஞ்சுது?” என்றேன் சரோஜாவிடம்.

அவள் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. “புது பிரேக்கு நாத்தம் எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. உங்க சட்டை நாத்தம் தெரியாதா? பன்னெண்டு வருஷமா தொவைக்கறேன். வாணியம்பாடி தாண்டினதும் கார் பூரா அதே நாத்தம். நீங்களோ டூட்டில இருக்கீங்க. அப்புறம் எதுக்கு உங்க நாத்தம் காருக்குள்ள வருது? இந்த மனுஷன் எதையோ தடவி வெச்சிட்டாருன்னு உடனே நிறுத்தச் சொல்லிட்டேன்.”

கரீம் பாய் சக்கரத்தருகே குனிந்து முகர்ந்து பார்த்தார். “கரெக்டுமா” என்றார். “பேடு எண்ணெய் குடிச்சிட்டுது. இனிமே ஆவாது.”

ஏலகிரி நின்றுபோனது. மோகன் பஸ்ஸில் மெட்ராஸ் போய்விட்டான். வேறு பேட் வரும்வரை சிவப்புக் கார் எங்கள் வாசலிலேயே நிற்கும். தெருவில் போகிறவர்கள் கேட்கிறார்கள். நான் உள்ளே போய்விடுகிறேன். எண்ணெய் பாட்டில் எங்கே போனது என்று தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை. தெரியாதவன் அக்கறை காட்டினால் தெரிந்தவன் துரோகத்தைவிட மோசம் – இது ஒரு மணி நேரத்தில் நான் படித்த பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் கைகால் கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். என் சட்டை ஊறுகிற அந்தத் தனி வாளியில் செடிக்குத் தண்ணீர் இருந்தது. சட்டையைத் தேடினேன்... அவள் சேலையோடு, மகள் பாவாடையோடு, ஒரே வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.