மூலை பிளாட்

என் தாய்மாமன் மனை விற்பதில் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வேனில் ஆட்களை ஏற்றி, ஒத்தக்கடை தாண்டிக் கூட்டிப்போவார். போக வரக் காசில்லை, மதியச் சாப்பாடும் உண்டு. வேனில் கூட்டம் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். எனக்கு எட்டு வயது.

புறப்படும் முன்பே பாடம் நடத்திவிட்டார். “அக்கா, நீ என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத. மூலை பிளாட்டு எங்களுக்குத்தான்னு நாலு பேர் காதுல விழ சொல்லு. யாராவது வந்து கேட்டா, சரி எடுத்துக்கங்கன்னு விட்டுக்குடுத்துரு. அம்புட்டுத்தான்.” நான் அவரை மாமா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் இருபது தடவையாவது சார் என்றிருப்பேன். மாமா முறைத்துக்கொண்டே வந்தார்.

போன வருஷம் வரை நெல் விளைந்த இடமாம். வரப்பெல்லாம் அழிந்து, மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக நின்றன. அம்மா முதலில் கூச்சப்பட்டுத்தான் மூலை மனைக்குள் கால் வைத்தாள். பிறகு என்ன ஆனதோ, முந்தானையைச் செருகிக்கொண்டு அடியளக்க ஆரம்பித்துவிட்டாள். தென்கிழக்கில் நின்று, இங்கேதான் அடுப்படி என்றாள். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் யானைமலை. “இந்தச் சுவத்துல எம்புட்டு ஆணி வேணும்னாலும் அடிச்சுக்கலாம்டி” என்றாள். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் காலண்டர் மாட்டுவதற்குக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். என்னமாய் நடிக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

மாமா நினைத்தபடியே மீன் சிக்கியது. ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாள் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, எங்க மகளுக்காகப் பாக்குறோம். இந்த மூலைதான் தோதா இருக்கு. கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்.”

 அம்மா, அடுப்படி என்று சொன்ன இடத்தை விட்டு நகரவில்லை. தூரத்தில் நின்ற மாமா கண்ணால் ஜாடை காட்டினார், இருமினார், செல்போனைக் காதில் வைத்து யாரிடமோ “சொல்லுங்க, சொல்லுங்க” என்று கத்தினார். அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

வசனம் மறந்துபோச்சு என்று புரிந்துகொண்டேன். பள்ளி ஆண்டு விழாவில் எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது. அந்த அவஸ்தையை அம்மா படக் கூடாதென்று நானே முன்னால் போய்ச் சத்தமாகச் சொன்னேன்: “சரி ஆன்ட்டி, நீங்களே எடுத்துக்கங்க. எங்களுக்கு வேணாம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளிடம், “ஆமாக்கா, எடுத்துக்கங்க” என்றாள்.

சாப்பாட்டுப் பந்தலில் மாமா எனக்கு ரெண்டு ஐஸ்கிரீம் வாங்கி வைத்தார். பாவம், அவருக்கும் அதுதான் அந்த மாதத்தின் முதல் விற்பனை. அம்மா இலையில் வைத்த பாயசத்தையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். இரட்டைப் பரிசு என்று ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் ஓடினேன். “அம்மா சொல்ல வேண்டியதை மறந்துட்டாப்பா. நான்தான் சமாளிச்சேன்.” அப்பா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

“ஆமாங்க, மறந்துதான் போச்சு” என்றாள் அம்மா, என் தலையைத் தடவிக்கொண்டே. வெகு காலம் அதை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.