திகாவில் ஒரு மனை

கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருப்பவரை நான் பௌதி என்று கூப்பிடுவேன். வங்காளத்தில் அண்ணியை அப்படித்தான் சொல்வார்கள். திகா கடற்கரையில் அவருடைய அப்பா வாங்கிப்போட்ட மனை ஒன்று இருந்தது. அப்பா போன பிறகு, அதை விற்பதா வீடு கட்டுவதா என்று பௌதிக்கும் அவர் அண்ணனுக்கும் மனஸ்தாபம். ஒரே ஊரில் இருந்துகொண்டு பதினோரு வருடம் பேச்சில்லை.

போன குளிர்காலத்தில் பௌதி, தன் பங்கையாவது விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். நான் வங்கியில் அடமானப் பத்திரங்கள் பார்ப்பவள்.

"பத்திரமெல்லாம் உனக்குத்தான் புரியும். ஒரு தடவை கூட வாயேன்" என்றார்.

ஹவுராவில் காலை ரயில் ஏறினோம். திகாவில் இறங்கியதும் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவின் ஓட்டுநர், "பழைய திகாவா, புதுசா?" என்று கேட்டார்.

"எங்க காலத்துல ஒரே திகாதான்" என்றார் பௌதி.

"கடல் அந்தப் பக்கம் கரையைத் தின்னுது. அதனால ஓட்டலெல்லாம் மேக்க நகர்ந்துடுச்சு. அதுதான் புது திகா."

பழைய திகாவில் இறங்கிப் பத்திரத்தைப் பிரித்தேன். வடக்கே சாலை, தெற்கே சவுக்குத் தோப்பு என்று எல்லை எழுதியிருந்தது. சாலையைக் கடந்தோம். சாலையை ஒட்டியே கருங்கல் கொட்டிய கரையோடு நிலம் முடிந்துவிட்டது. அங்கே மீன் வறுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் தோப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் கரண்டியாலேயே கடலைக் காட்டினார். தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு போய்க்கொண்டிருந்தது.

"அந்தப் படகுக்கு இந்தப் பக்கமா இருந்துச்சு. எங்க மாமியார் கடையும் அங்கதான். இது எங்களுக்கு மூணாவது இடம்."

எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தனை வருட வேலையில் வில்லங்கம் பார்த்திருக்கிறேன், மதிப்பு பார்த்திருக்கிறேன். நிலம் இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பௌதி வெகுநேரம் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"தாதா, நான்தான். திகாலேர்ந்து பேசறேன். மனை இல்ல. தண்ணிதான் இருக்கு."

அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. பௌதி சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"அங்க நண்டு சாப்பிட்டுடாதேங்கறார். சின்ன வயசுல எனக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. அதை இன்னும் ஞாபகம் வெச்சிருக்கார்."

நண்டை விட்டுவிட்டு வாவல் மீன் வாங்கிச் சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார். மனையைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லையாம். முழங்கால் வலியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்களாம். துர்கா பூஜை விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து திகா போனார்கள். கூட்டத்தில் கடல் தெரியும் அறை எங்கேயும் கிடைக்காமல், மீன் ஏலம் நடக்கும் துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தார்கள்.