ஆதாரம் சாரும் பதினேழாம் எண் கடிதமும்

வரலாற்று வாத்தியார்கள் பொதுவாகச் சாதுக்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பேசுகிறவர்கள் ஆதாரம் சாரின் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. பரீட்சைத் தாளில் எவனாவது ‘என்று சொல்லப்படுகிறது’ என்று எழுதிவிட்டால் தொலைந்தான். அந்தக் கேள்விக்கு முட்டைதான். “யாருப்பா சொன்னா? உங்க மாமாவா? ஆதாரம் எங்க?” என்று கல்லூரியே அதிரக் கேட்பார். முப்பது வருஷம் இதையே கேட்டதில், பெற்றவர்கள் வைத்த பெயர் போய் இதுவே நிலைத்துவிட்டது.

அவருடைய மூன்று அறை வீட்டில் மனிதர்கள் புழங்கியது ஒன்றரை அறையில். மீதியெல்லாம் செத்துப்போன ஒரு ஜனாதிபதிக்கு. மேடைப் பேச்சுகள், சுற்றுப்பயண நிரல்கள், அழைப்பிதழ்கள், கார் ஓட்டுநரின் குறிப்பேடு, தையற்காரர் சட்டைக்கு அளவெடுத்த சீட்டு வரைக்கும் எண் போட்டு உறையில் கிடந்தன. “கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கே பாத்தேன், எனக்கு முன்னாடியே ஒருத்தர் இங்க குடியிருக்காரு” என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இத்தனைக்கும் ஜனாதிபதி மேல் சாருக்குப் பாசமெல்லாம் கிடையாது. வயிற்றெரிச்சலில் தொடங்கிய சேகரிப்பு அது. அவருக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஆலை வாசலில் வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுட்டார்கள். விழுந்த ஒன்பது பேரில் ஒருவர் அவருடைய அண்ணன். சுடச் சொன்னது ஜனாதிபதிதான் என்று பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அதை ஆணி அடித்தாற்போல் நிரூபித்துவிட வேண்டும் என்றுதான் சார் கிளம்பினார். பத்தொன்பது வருஷம் அலைந்து, ஜனாதிபதியின் செயலாளருடைய மகளைக் கண்டுபிடித்து, அந்த அம்மாள் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை வாங்கி வந்தார். சுட்டதற்கு முதல் நாள் ஜனாதிபதி கைப்பட நீல மையில் எழுதியது. ‘என்ன நடந்தாலும் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. அமைச்சர் கேட்க மாட்டேன் என்கிறார். இதை அவரிடம் காட்டுங்கள்.’

அன்று சார் சாப்பிடவில்லை. யாரை ஆயுசு பூராவும் திட்டித் தீர்த்தாரோ அந்த ஆளுக்கு இப்போது அவரே சாட்சி. வேறு யாராக இருந்தாலும் அதை அடுப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். இவர் அதற்குப் பதினேழு என்று எண் போட்டார். பொய்யை வைத்துக்கொண்டு அண்ணனுக்கு அழ முடியாது என்று மனைவியிடம் சொன்னார்.

அதோடு விட்டாரா? பூச்சி அரித்துவிடுமே என்று கடிதத்தை நகல் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டச் சொன்னார். “சார், அப்படியே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடவா?” என்று கடைக்காரன் நல்லதைத்தான் கேட்டான். “ஒண்ணும் வேணாம். ஒண்ணு எனக்குக் குடுத்துட்டு ஒண்ணு நீ வெச்சுப்ப. நாளைக்கு எவனாவது புத்தகம் போட்டுடுவான்” என்று அவன் மேல் பாய்ந்தார். மனைவியும் நகல் எடுக்கச் சொல்லிப் பார்த்தாள், மருமகன் போட்டோ எடுக்கிறேன் என்று போனை நீட்டினான். ம்ஹூம். தன் புத்தகம் வெளிவரும்வரை ஒருத்தர் கண்ணிலும் காட்டமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வெளி ஆள் நுழையாத உள்ளறையில், மேசைக்கு எதிர்ச் சுவரில், ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் மாட்டிக்கொண்டார்.

புத்தகம் முடியவில்லை. கண் முந்திக்கொண்டது. நரம்பு பட்டுப்போய்விட்டது, போனது போனதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள், எழுத்து தெரியாது. வீட்டுக்கு வெளியே இதை அவர் மூச்சுவிடவில்லை. தினமும் சாயங்காலம் சுவருக்கு எதிரே உட்கார்ந்து கடிதத்தை மனப்பாடமாகக் கடகடவென்று வாசிப்பார். மனைவி கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

பாடப்புத்தகத்தைத் திருத்தி எழுதப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. தன்னிடம் ஒரு கடிதம் இருப்பதாகச் சார் தெரிவித்ததும், அசல் சரியென்று தெரிந்தால் ஜனாதிபதி சுடச் சொன்னார் என்ற வரியை எடுத்துவிடுவதாகப் பாடநூல் குழு பதில் எழுதியிருந்தது. ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பார்க்க வந்தார். சார் தேய்த்த சட்டை போட்டு, காலையிலிருந்து வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அந்த அம்மாள் கடிதத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். பையிலிருந்து ஒரு விளக்கை எடுத்து அடித்துப் பார்த்தார்.

“சார், இது வேற காகிதமோ?”

“பதினேழுதானே? கீழ வலது மூலை மடங்கியிருக்கும். கையெழுத்துக்கு அடியில ரெண்டு கோடு. படிக்கட்டுமா?” என்று சார் முழுக் கடிதத்தையும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார்.

அதிகாரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார்... மடிப்பு இருக்கு. எழுத்து இல்ல சார். வெயில் பட்டுப் பட்டு மை வெளுத்துப் போச்சு. பிளாஸ்டிக்கும் காகிதத்தோட உருகி ஒட்டிக்கிச்சு, பிரிக்கவும் முடியாது. நகல் ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“போட்டோ?”

“இல்லம்மா.”

“குடுத்தவங்க?”

“செத்துப் போயிட்டாங்க.”

“நான் படிச்சிருக்கேன். அவர் சொன்னது அத்தனையும் அதுல இருந்துச்சு” என்றாள் மனைவி. அதிகாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர்கள் சொல்வதைக் குழு ஏற்காது என்பதை மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பாடப்புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறதாம்.

சார் நாற்காலியில் அப்படியே கிடந்தார். “எழுத்து போனது உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

“ரெண்டு வருஷமா.”

“பாவி! ஏன்டி சொல்லல?”

“எப்படிங்க சொல்லுவேன்? தினம் அதைப் படிக்கும்போதுதான் உங்க முகத்துல உசிரு இருந்துச்சு.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “அண்ணனைக் கொன்னவன் தப்பிச்சுட்டான். கொல்லாதேன்னு சொன்னவன் தலையில பழி. ரெண்டுக்கும் நாந்தான் காரணம். நாந்தான்!” அவள் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு, அவருடைய நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன். மறந்துட்டீங்கன்னா அதுவும் போயிடும்.”

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மூலை மடிப்பு, இரண்டு கோடு உட்பட எல்லாம் வந்தது. அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘ஆதாரம்’ என்று அவரே முன்பு கோடு போட்டு அச்சடித்து வைத்திருந்த கட்டம் ஒன்று உண்டு.

“கீழ ஆதாரம்னு இருக்கு. அங்க என்னங்க எழுதட்டும்?”

சார் வெறும் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“‘என்று சொல்லப்படுகிறது’ன்னு எழுது” என்றார்.

அவள் அப்படியே எழுதினாள்.